சீட்டின் மேல் கையுறைகள்

சுகர் லேண்ட், டெக்சாஸ்
அக்டோபர் 8, 1995

அன்புள்ள மீனா அக்காவுக்கு,

பாலு எழுதுகிறேன். இங்கே நான், புஷ்பா, ஸ்ம்ருதி மூவரும் சௌக்கியம். அங்கே நீ, அத்திம்பேர், ஆதர்ஷ் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? போன வாரம்தானே ஃபோனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் பேச முடியாத விஷயம். பயப்படாதே, கார் ரேஸ் விஷயம்தான்.

புஷ்பாவின் அண்ணா சேகர் மவுண்ட் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இறந்தது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து வேகமாக ஓடுகிற எதையும் அவளால் பார்க்க முடிவதில்லை. டிவியில் ரேஸ் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ரேஸ் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. உங்கள் வீட்டு கேபிளில் ரேஸ் காட்டுகிற அந்த சேனல் வருகிறதே, நீ ரெக்கார்ட் பண்ணி என் ஆபீஸ் முகவரிக்கு டேப்பை அனுப்பேன். சனிக்கிழமைகளில் அவள் ஆஸ்பத்திரி ஃபார்மசிக்கு டியூட்டிக்குப் போன பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

யாருக்காக இந்தப் பாடு என்று சொல்லிவிடுகிறேன். ஒடிலோன் ஃபரியா என்று ஒரு பிரேசில்காரர். சாவோ பாவ்லோவுக்கு உள்ளே தள்ளி ஒரு காப்பித் தோட்ட ஊர், அப்பா லாரி டிரைவர். ஐரோப்பாவில் ஓட்டிப் பார்த்து, யாரும் சீண்டாமல், சூட்கேஸோடு அமெரிக்கா வந்து சேர்ந்தவர். நம்மைப் போலத்தான் என்று வைத்துக்கொள். இந்த ஐந்து வருடத்தில் மூன்று ரேஸ் ஜெயித்திருக்கிறார். மே மாதம் ஓவல் ட்ராக்கில் சுவரில் மோதித் தலையில் அடி. ஆகஸ்டில் திரும்பி வந்து ஓட்டுகிறார். திருப்பத்தில் மற்றவர்கள் எல்லாரும் பிரேக் போட்ட பிறகுதான் இவர் போடுவார். சோழவரம் ரேஸ் ட்ராக்கில் நான் ஆசைப்பட்டது அதுதானே. அப்பாவிடம் லைப்ரரிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நீயும் என்னோடு வந்து வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாயே, மறந்திருக்க மாட்டாய்.

அத்திம்பேருக்கு என் நமஸ்காரம். ஆதர்ஷுக்கு ஆசிகள்.

உன் தம்பி,
பாலு


சான் ஹோசே
நவம்பர் 19, 1995

அன்புள்ள பாலு,

ஆசீர்வாதம். இங்கே மூவரும் சுகமாக இருக்கிறோம், அத்திம்பேரின் முதுகுவலியைத் தவிர. அது என்னோடு கல்யாணம் ஆனதிலிருந்து இருக்கிறது. புஷ்பாவும் குழந்தையும் நலம்தானே?

இதோடு ஒரு டேப். எங்கள் வி.சி.ஆரில் டைமர் வைப்பது எனக்கு இத்தனை வருடத்தில் கைவரவில்லை. சிப் டிசைன் பண்ணுகிறவளாம், வி.சி.ஆர். தெரியாதாம் என்று உன் அத்திம்பேர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆதர்ஷ்தான் வைத்துக் கொடுத்தான். ஒரு நிபந்தனை. பார்த்துவிட்டு டேப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதன் மேலேயே அடுத்ததைப் பதிவு பண்ணுவேன். டேப்போடு ஒரு கடிதமும் வர வேண்டும், தமிழில். இந்த ஊரில் எனக்குத் தமிழில் யார் எழுதுகிறார்கள்?

புஷ்பாவுக்குத் தெரியாமல் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிட்டேன். உன் ஃபரியாவை நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் யார் இருந்தால் என்ன என்றுதான் தோன்றியது, கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அக்கா


சுகர் லேண்ட்
ஏப்ரல் 14, 1996

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம். அம்மா மெட்ராசிலிருந்து ஃபோன் பண்ணினாள். முட்டிவலி குறைந்திருக்கிறதாம். உனக்கும் சொல்லியிருப்பாள்.

மூன்று டேப்பையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைசி ரேஸில் ஃபரியா நான்காவது. அதற்கு முன்னால் ஒரு பேட்டி வருகிறதே, கவனித்தாயா? ரேஸுக்கு முந்தின நாள் ட்ராக் முழுவதையும் காலால் நடந்து பார்ப்பாராம். எங்கே தார் ஒட்டுப்போட்டிருக்கிறது, எங்கே மேடு, எல்லாம் மனப்பாடமாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒரு சுற்று ஓட்டுவேன் என்கிறார். சோழவரத்தில் நானும் அப்படித்தானே நடப்பேன், நீ பின்னால் குடையோடு வருவாய்.

இப்போது எனக்கு ட்ராக் 59-ஆம் நம்பர் ஃப்ரீவேதான். வீட்டிலிருந்து ஆபீஸ் வரை ஒவ்வொரு லேனும் எங்கே பிரிகிறது, எந்தப் பாலத்துக்கு அப்புறம் எந்த எக்ஸிட் என்று எனக்கு போர்டே வேண்டாம். ஸ்ம்ருதி என்னைக் கேலி பண்ணுகிறாள். "டாடி, யூ டோன்ட் ஈவன் ரீட் த சைன்ஸ்" என்கிறாள். எதற்குப் படிக்க வேண்டும், எல்லாம் தலைக்குள் இருக்கிறது என்று சொன்னேன்.

அத்திம்பேரின் முதுகுக்கு என் அனுதாபம்.

பாலு


சான் ஹோசே
செப்டம்பர் 15, 1996

அன்புள்ள பாலு,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் நலம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படி.

உனக்காகப் போன ஞாயிறு மான்ட்டெரே பக்கத்து மலை ட்ராக்குக்கு நேரிலேயே போனேன். தயிர்சாதம் கட்டிக்கொண்டு ரேஸுக்குப் போன ஒரே பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். டயர் மாற்ற கார்கள் வந்து நிற்கும் பிட் எதிரில் இடம் கிடைத்தது. ஃபரியா நான்காவதாக ஓடிக்கொண்டிருந்தார். பாதி ரேஸ் ஆகியிருக்கும். திடீரென்று கார் உள்ளே வந்தது. டயர் மாற்ற ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எஞ்சினை நிறுத்தினார். மெதுவாக வெளியே இறங்கினார். கையுறைகளைக் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, குனிந்து சீட்டின் மேல் வைத்தார். அவ்வளவுதான், நடந்து போய்விட்டார். கூட்டத்தில் கொஞ்ச பேர் கூச்சல் போட்டார்கள். எனக்கு என்னவோ கண் கலங்கிவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.

மறுநாள் பேப்பரில் வந்தது. போன வருடம் தலையில் பட்ட அடிக்கு அப்புறம் அவருக்கு அவ்வப்போது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியுமாம். டாக்டரிடம் சொல்லவில்லை, டீமிடம் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அன்று முன்னால் போனது ஒரு காரா இரண்டு காரா என்று தெரியாமல், நடுவில் புகுந்து போயிருக்கிறார். அது நல்லவேளையாக ஒரு கார்தான், அதன் பக்கத்தில் இடம் இருந்தது. அடுத்த சுற்றில் உள்ளே வந்துவிட்டார். இனி ஓட்டப் போவதில்லையாம்.

டேப் இதோடு இருக்கிறது. பார்க்கும்போது வருத்தப்படாதே.

அக்கா


சுகர் லேண்ட்
டிசம்பர் 22, 1996

அன்புள்ள அக்கா,

நலம். பதில் போட மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆபீஸில் வேலை.

ஃபரியாவைப் பற்றி நீ உருகி எழுதியிருக்கிறாய். எனக்கு உருக்கம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. ஓடுகிற வண்டியிலிருந்து இறங்குகிறவன் என்ன டிரைவர்? நாலாவது இடத்தில் இருக்கிறான், எஞ்சின் நன்றாக இருக்கிறது, இறங்கிப் போகிறான். அத்தனை நாள் சமாளித்தவன் இன்னும் கொஞ்ச நாள் சமாளித்தால் என்ன? இறங்கி அவன் என்ன பண்ணப் போகிறான்? ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு என்ன தெரியும்?

இனிமேல் டேப் அனுப்ப வேண்டாம். எல்லா டேப்பையும் பார்சல் பண்ணியிருக்கிறேன்.

பொங்கலுக்கு ஃபோன் பண்ணுகிறேன்.

பாலு


சான் ஹோசே
ஏப்ரல் 26, 1998

அன்புள்ள பாலு,

நீயும் புஷ்பாவும் ஸ்ம்ருதியும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம்.

வேண்டாம் என்று சொன்னவனுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து டேப் அனுப்புகிறேன். காரணம் இருக்கிறது. உன் ஃபரியா இறங்கி என்ன பண்ணப் போகிறான் என்று கேட்டாயே, பேசுகிறார். டிவியில் வர்ணனையாளராக வந்துவிட்டார். பழுப்பு கோட், கழுத்துக்குச் சம்பந்தமில்லாத டை. முதல் ரேஸில் பாவம், வார்த்தைக்குத் தடுமாறினார். இங்கிலீஷில் பாதி, போர்ச்சுகீஸில் பாதி. நம்ம ஊர் மாமாக்கள் பி.டி.ஏ. மீட்டிங்கில் பேசுவது போல இருந்தது. இப்போது தேறிவிட்டார். கேட்டுப் பார்.

இன்னொரு விஷயம். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வந்தபோது ஹூஸ்டன் ஏர்போர்ட்டில் நான் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன், நீ என்னைத் தாண்டிப் போனாய். "பாலு" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாய். கூட்டம் என்றாய், சரி என்று விட்டேன். ஆனால் வீட்டில் நீ பேப்பரைத் தொடவே இல்லை. உன் போன கடிதத்தையும் முதல் கடிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து இரண்டு மடங்கு பெரிதாகி, வரி எல்லாம் கீழே சரிகிறது. உன் கண்ணுக்கு என்ன? டாக்டரைப் பார்த்தாயா?

மழுப்பாமல் எழுது.

அக்கா


சுகர் லேண்ட்
ஜூன் 7, 1998

அன்புள்ள அக்கா,

எல்லாரும் க்ஷேமம். கண்ணுக்கு ஒன்றுமில்லை. வயசு நாற்பத்தி நாலு, கண்ணாடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பேப்பரில் படிக்கும்படி என்ன இருக்கிறது?

டேப்பைக் கேட்டேன். நான் ஃபரியாவைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அக்கா, அந்த மனிதர் பேசுவது வேறு ஜாதி. மற்ற இரண்டு பேரும் "அதைப் பாருங்கள், அதைப் பாருங்கள்" என்று கத்துகிறார்கள். எதைப் பார்ப்பது? ஃபரியா என்ன நடந்தது என்று சொல்கிறார். சிவப்புக் கார் வெளிப்பக்கமாகப் போகிறது, இடது முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொடுகிறது, இப்போது பிரேக், கொஞ்சம் லேட், பின்பக்கம் ஆடுகிறது, பிடித்துவிட்டான். அப்படி. பக்கத்தில் இருக்கிறவர் ஒரு தரம் கேட்டார், கார் ஓட்டுவதை நினைத்து ஏங்குகிறீர்களா என்று. "முன்னாடி ஒரு கார்தான் ஓட்டினேன். இப்ப எல்லா காரையும் ஓட்டறேன்" என்றார். பெரிய விபத்து நடந்தால் மற்றவர்கள் கூவுகிறார்கள். அவர் வாயே திறப்பதில்லை. உள்ளே இருக்கிற டிரைவரின் கை அசைந்த பிறகுதான் பேசுகிறார். முதல் வார்த்தையே, கை அசைகிறது என்பதுதான்.

எல்லா ரேஸையும் அனுப்பு. ஒன்றைக்கூட விடாதே.

ஸ்ம்ருதிக்கு இப்போது சனிக்கிழமை டான்ஸ் கிளாஸ். பக்கத்துத் தெருப் பெண்கள் மூன்று பேரையும் சேர்த்து நான்தான் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறேன். வேன் முழுக்க சலங்கைச் சத்தம்.

பாலு


சான் ஹோசே
ஆகஸ்ட் 16, 1998

பாலுவுக்கு,

சௌக்கியம். வீடு நிறைய விருந்தாளிகள், பெரியப்பா பிள்ளை குடும்பத்தோடு டெட்ராய்டிலிருந்து வந்திருக்கிறான். இந்த டேப்பை ஓட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை, அப்படியே அனுப்புகிறேன். கண்ணாடி மாற்றினாயா? அதைப் பற்றி ஒரு வரி எழுது.

அவசரத்தில்,
அக்கா


சுகர் லேண்ட்
செப்டம்பர் 13, 1998

அன்புள்ள அக்கா,

இங்கே நலம், அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். விருந்தாளிகள் கிளம்பிவிட்டார்களா?

நீ அனுப்பியதிலேயே இந்த டேப்தான் பிரமாதம். மழை வந்து நின்று, ட்ராக் பாதி ஈரம் பாதி காய்ந்து, எல்லாரும் டயர் மாற்ற ஓட, அந்தப் பச்சைக் கார் மட்டும் மாற்றாமல் ஓட்டி ஜெயித்ததே, அந்த மாதிரி ஒரு ரேஸ் நான் பார்த்ததே இல்லை. கடைசித் திருப்பத்தில் பின்சக்கரம் புல்லில் ஏறி இறங்கியதை ஃபரியா சொன்னபோது எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. உங்கள் கேபிள்காரன் நல்லவன்.

டேப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி மாற்றிவிட்டேன், இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

பாலு


சான் ஹோசே
அக்டோபர் 4, 1998

பாலு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த ரேஸைப் பதிவு பண்ண, நீ திருப்பி அனுப்பிய டேப்பைப் போட்டேன். முதலில் வி.சி.ஆர்.தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். திரை முழுக்க வளைந்து நெளிந்து கோடுகள். கார் இல்லை, ட்ராக் இல்லை, மனுஷன் முகம் இல்லை. சத்தம் மட்டும் தெளிவாக, ஃபரியாவின் குரல், மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறார். கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. அத்திம்பேரைக் கேட்டேன். ஆகஸ்ட் முதல் அந்த சேனலை வேறு பேக்கேஜுக்கு மாற்றிவிட்டார்களாம், நாங்கள் அதை எடுக்கவில்லையாம். எடுக்காதவர்களுக்குப் படத்தைக் கலைத்துவிட்டு சத்தத்தை மட்டும் விடுவார்களாம். "அன்னிக்கே சொன்னேனே, நீதான் காதில வாங்கலை" என்கிறார்.

அந்த டேப்பில் படமே இல்லை, பாலு. நீ கண்ணாடி மாதிரி இருந்தது என்று எழுதினாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஒரு கடிதத்தில் பொய் எழுதியதற்காக இல்லை. தினமும் 59-ல் போய் வருகிறாயே, அதற்காக. சனிக்கிழமை நாலு பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறாயே, அதற்காக. எக்ஸிட் எல்லாம் தலைக்குள் இருக்கிறது என்று பெருமையாக எழுதியிருந்தாய். குறுக்கே ஒரு குழந்தை சைக்கிளில் வந்தால் அது உன் தலைக்குள் இருக்குமா?

புஷ்பாவுக்கு ஃபோன் பண்ண ரிசீவரைக் கையில் எடுத்தேன். ஒரு தரம் இல்லை, பல தரம். அண்ணாவை ரோட்டில் பறிகொடுத்தவளிடம் நான் எப்படிச் சொல்வது? நீ சொல்ல வேண்டிய விஷயம் இது. நீயே சொல்லு. காரை நிறுத்து. அந்தப் பிரேசில்காரனுக்கு இருந்த தைரியம் உனக்கு இல்லையா?

பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

மீனா


சுகர் லேண்ட்
ஜனவரி 10, 1999

அன்புள்ள அக்கா,

உடம்பு எல்லாருக்கும் நன்றாக இருக்கிறது. உன்னை இத்தனை நாள் காக்க வைத்ததற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மழுப்பாமல் எழுது என்றாய். எழுதுகிறேன். இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி அழிந்துகொண்டு வருகிறது. சுற்றி இருப்பது தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. பரம்பரையில் வருவதாம், கண்ணாடியால் ஆகாதாம், ஆபரேஷன் கிடையாதாம். டாக்டர் இதைச் சொன்னது 96 நவம்பரில். ஃபரியா இறங்கிவிட்டார் என்ற உன் கடிதம் அப்போது என் டிராயரில் இருந்தது. நான் ஏன் அந்த மனிதர் மேல் அவ்வளவு கோபப்பட்டேன் என்று இப்போது உனக்குப் புரியும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வரச் சொன்னார்கள். நான் திரும்பிப் போகவே இல்லை.

அந்த டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை போட்டேன். கோடு கோடாக நெளிந்தது. டேப் கெட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கண்தான் போய்விட்டது, டாக்டர் சொன்ன நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். டிவியை நிறுத்தவில்லை. ஃபரியா பேசிக்கொண்டே இருந்தார். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஈரம் எங்கே, புல் எங்கே, எந்தக் கார் முன்னால், எல்லாம் அவர் குரலில் எனக்குத் தெரிந்தது. ரேஸ் முடிந்ததும் எழுந்தேன். என்ன பண்ணினேன் தெரியுமா? கண் போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறவன், வேனை எடுத்துக்கொண்டு டான்ஸ் கிளாஸுக்குப் போய் நாலு பெண்களையும் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

உன் கடிதத்தை லென்ஸ் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். டேப்தான் கெட்டது என்று தெரிந்ததும் ஆபீஸில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன், அக்கா. அப்படி ஒரு நிம்மதி. இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது என்று மறுபடியும் ஓட்டினேன். நவம்பர் கடைசி வரை ஓட்டினேன்.

59-ல் ரோடு வேலை நடக்கிறது. ஒரு சனிக்கிழமை திடீரென்று லேனை மாற்றிவிட்டார்கள். என் தலைக்குள் பழைய ரோடுதான் இருந்தது. ஸ்ம்ருதி பக்கத்தில் இருந்தாள், நல்லவேளை மற்றப் பெண்கள் அன்று கிளாஸுக்கு வரவில்லை. அவள் "அப்பா, ஸ்டாப்" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எப்போதும் டாடி என்பவள் அப்பா என்றாள், அதனால்தான் என் கால் உடனே பிரேக்குக்குப் போனதோ என்னவோ. ஆரஞ்சு சட்டையில் கொடி பிடித்து நின்ற ரோடு வேலை ஆள் தாவி ஒதுங்கியிருக்கிறார். அவர் கையிலிருந்த கொடிக்கம்புதான் பம்பரில் முறிந்தது. அவர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்டேன். முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக் கேட்டேன், அங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவர் சொன்னபடி ஸ்ம்ருதி ஸ்டியரிங்கை ஒடிக்க, ஓரமாக நிறுத்தினோம். பெட்ரோல் பங்க்கிலிருந்து புஷ்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். கூட வேலை பார்க்கிற யாரோ ஒருவரின் காரில் வந்து இறங்கினாள். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், டேப் விஷயம் உள்பட. "வேற யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். அக்காவுக்கு என்றேன். அதற்கப்புறம் பல நாள் அவள் என்னோடு பேசவில்லை.

டேப் கெட்டதா கண் கெட்டதா என்று தெரியாதவன் வண்டி ஓட்டக் கூடாது. இந்த டேப் பெட்டிக்குள் என் கார் சாவி இருக்கிறது. புஷ்பாவிடம் ஒன்று இருக்கிறது, அது போதும். என்னிடம் கையுறை இல்லை, இதுதான் இருக்கிறது. நீயே வைத்துக்கொள். நான் கேட்டாலும் அனுப்பாதே.

உன்னையும் ஆதர்ஷையும் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தள்ளிப்போடாதே, என்னைப் போல் இருக்காதே.

உன் தம்பி,
பாலு


சுகர் லேண்ட்
மே 9, 1999

அன்புள்ள அக்காவுக்கு,

அநேக நமஸ்காரம். இவர் சொல்லச் சொல்ல புஷ்பா எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உங்களுக்கும் ஆதர்ஷுக்கும் கண்ணில் ஒன்றுமில்லை என்ற வரியை மறுபடி படிக்கச் சொன்னார். அதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். கூச்சப்பட வேண்டாம் என்று எழுதச் சொல்கிறார். ஆபீஸில் இவருக்கென்று பெரிய திரை கொடுத்திருக்கிறார்கள், பக்கத்துத் தெரு மலையாளி ஒருவர் காரில் கூட்டிப் போகிறார். காலையில் அவர் ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஓட்டுகிறார் என்பதுதான் இவருடைய குறை.

இதுவரை இவர் சொன்னது. இனிமேல் நான். இவர் வெளியே செடிக்குத் தண்ணீர் விடப் போயிருக்கிறார்.

அக்கா, எனக்கு உங்கள் மேல் ரொம்பக் கோபம் இருந்தது. உங்களுக்கு அக்டோபரில் தெரியும், எனக்கு நவம்பரில்தான் தெரியும். நடுவில் எத்தனை சனிக்கிழமை. என் குழந்தை அந்த வேனில் இருந்தாள். இதை மனசில் வைத்துக்கொண்டு உங்களோடு ஃபோனில் சிரித்துப் பேச என்னால் முடியவில்லை, அதனால்தான் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் யோசித்தேன். நானும் இந்த வீட்டில்தானே இருந்தேன். காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தார், பார்த்தேன். தேங்காய்த் துருவலை உப்பு என்று எடுத்தார், சிரித்தேன். ரேஸ் என்றாலே நான் எழுந்து போய்விடுவேன் என்று தெரிந்துதான் என்னிடம் எதையும் சொல்லவில்லை. உங்கள் மேல் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது.

போன மாதம் கேபிள் போட்டுவிட்டோம். நான்தான் போடச் சொன்னேன். முதல் ஞாயிறு நான் சமையலறையில் இருந்தேன். அந்த ஃபரியா பேசுவது கேட்டுக்கொண்டே இருந்தது. பேச்சு திடீரென்று நின்றுவிட்டது. மற்றவர்கள் கத்துகிறார்கள், அவர் குரல் மட்டும் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடி வந்து பார்த்தால் டிவியில் ஒரு கார் சுவரோரம் நொறுங்கிக் கிடக்கிறது. இவர் திரைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "என்னாச்சு புஷ்பா, சொல்லேன்" என்றார். எனக்குச் சொல்ல வரவில்லை. சேகரை ரோட்டில் யாரும் எனக்குக் காட்டவில்லை, துணி சுற்றித்தான் காட்டினார்கள். ஆனால் அங்கேயே நின்றேன், அக்கா, உள்ளே போகவில்லை. ஃபரியா பேசுவதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். "கை அசையறது, கை அசையறது" என்று சொன்னேன். அதற்கப்புறம்தான் அவரும் அதையே சொன்னார். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு சாம்பார் தீய்ந்துவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபரியா சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். விளம்பரம் வந்தால் அதையும் சொல்கிறேன்.

ஸ்ம்ருதி கார் ஓட்டிப் பழகுவதற்கான பர்மிட் வாங்கிவிட்டாள். அடுத்த மாதம் பதினாறு முடிகிறது, டெஸ்ட் கொடுக்கப் போகிறாள். அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஸ்கூலில் ஆள் இருக்கிறார், இருந்தாலும் அப்பா பக்கத்தில் உட்கார வேண்டும் என்கிறாள். சட்டப்படி நான்தான் முன் சீட்டில் உட்கார வேண்டும். இவர் பின்னால் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டே, கால் கனமா இருக்கு, விடு, இப்ப பிரேக், இன்னும் மெதுவா என்கிறார். லேட்டாக பிரேக் போடச் சொல்லிக் கொடுக்கவில்லை, நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஸ்ம்ருதி ரோட்டில் வருவதை எல்லாம் இவருக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டுகிறாள், தமிழில். "அப்பா, ரைட்ல ஒரு பெரிய லாரி வருது. முன்னாடி ஆரஞ்சு சட்டை போட்டு ஒரு மாமா நிக்கறா" என்கிறாள். மாமாவுக்கு நிக்கறார் என்று சொல்ல வேண்டும் என்று இவர் திருத்துவதில்லை. அந்த ஆரஞ்சு சட்டை என்றால் மட்டும் முன் சீட்டைக் கையால் பிடித்துக்கொள்கிறார்.

லாரி வரும்போது நான் இன்னும் கண்ணை மூடிக்கொண்டுவிடுகிறேன். மூடக் கூடாது, முன் சீட்டில் இருப்பவள் பார்க்க வேண்டும் என்று ஸ்ம்ருதி திட்டுகிறாள். பழகிக்கொண்டிருக்கிறேன்.

அவள் பெயருக்கு ஒரு சாவி வேண்டியிருக்கிறது. கடையில் புதிதாக வெட்டிக்கொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் எனக்கு அந்தச் சாவிதான் வேண்டும், அக்கா. அனுப்பிவிடுங்கள். தான் கேட்டால் அனுப்ப வேண்டாம் என்று இவர் உங்களுக்கு எழுதியிருந்தாராமே. கேட்பது நான்.

புஷ்பா